நெட் சரியாக வராத இடத்திலிருந்து சேர்ந்து வேலை செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் விக்கிமூலம் என்பது தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டும் இலவச இணைய நூலகம். அதில் பழைய நூல்களின் பக்கப் படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்க்கும் ஒரு சிறு குழுவை ஒருங்கிணைத்து வருகிறேன். மதுரை, டொரன்டோ, நுவரெலியா, ஜவ்வாது மலை என்று ஆளுக்கு ஒரு மூலையில் இருக்கிறோம். இதே மாதிரி குழு தொடங்குகிறவர்கள் போன் செய்து கேட்கிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கே, நெட் இல்லாத ஆள் இன்னும் இருக்காங்களா?

இருக்கிறார்கள், நாம் நினைப்பதைவிட நிறைய. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024க்குக் கொடுத்த கணக்கில் உலகத்தில் 260 கோடிப் பேர் இணையம் பயன்படுத்தாதவர்கள், கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். வருமானம் மிகக் குறைந்த நாடுகளில் நூற்றுக்கு 27 பேர்தான் பயன்படுத்துகிறார்கள். உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் நகரத்தில் நூற்றுக்கு 83, கிராமத்தில் 48.

ஒரே நாட்டுக்குள், ஒரே வீட்டுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. இந்தியாவில் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எப்போதாவது இணையம் பயன்படுத்தியதுண்டு என்று சொன்ன ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம். அதற்குப் பிறகு எண்ணிக்கை கூடியிருக்கிறதுதான். ஆனாலும் வீட்டில் ஒரே ஒரு போன் என்றால் அது பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர் சட்டைப் பையில்தான் இருக்கும், மற்றவர்களுக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் கைக்கு வரும்.

சிக்னல் இருந்தா நெட் இருக்குன்னுதானே அர்த்தம்?

இந்த ஒரு கேள்வியில் தெளிவு வந்துவிட்டால் மீதிப் பாதி சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். லயத்து வீட்டுக்குள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) சிக்னல் வராது, மேட்டில் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் இரண்டு கோடு வரும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது டவரும் சேர்ந்து படுத்துவிடும். கரண்ட் வந்ததும் முதலில் போனைச் சார்ஜில் போடுவார், பிறகு மடுவத்துக்குப் போய் ஐந்து பக்கங்களின் படத்தை இறக்கிக்கொண்டு வருவார், இருட்டில் போன் வெளிச்சத்திலேயே அந்த ஐந்தையும் தட்டச்சு செய்து முடித்து, மறுநாள் பள்ளி விட்டு வரும் வழியில் அதே இடத்தில் நின்று ஏற்றுவார். அவர் கொடுத்த பக்கங்களில் ஒற்றுப்பிழைகூட அபூர்வம்.

அவரிடம் நெட் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார். சொல்வதும் உண்மைதான். அதனால் புதிதாகச் சேர்கிறவர்களிடம் நான் இப்படித் தனித்தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்: சிக்னல் எங்கே, எத்தனை மணிக்கு வருகிறது, டேட்டா மாதக் கடைசிவரை தாங்குமா, கரண்ட் எப்படி, போனா கணினியா, அது உங்களுடையதா வீட்டுக்குப் பொதுவா.

நம்ம ஊர்ல டேட்டா இவ்வளவு மலிவா இருக்கு, மத்த நாடுகள்ல மட்டும் ஏன் அவ்வளவு விலை?

இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நடந்த விலைப்போட்டியை வைத்து மற்ற நாடுகளை அளக்க முடியாது. ஐ.நா. சார்ந்த அகலப்பட்டை (பிராட்பேண்ட்) ஆணையம் வைத்திருந்த இலக்கே, அடிப்படை இணையச் செலவு தலைக்குரிய மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான். ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்கு அது இன்னும் எட்டாத இலக்கு. கடற்கரையே இல்லாத நாடு என்றால் பக்கத்து நாட்டு வழியாகத்தான் கேபிள் வர வேண்டும், போட்டி நிறுவனங்களும் குறைவு. இதற்கு மேல் வரி வேறு. உகாண்டாவில் 2018 ஜூலையிலிருந்து சமூக ஊடகம் பயன்படுத்த ஒரு நாளைக்கு 200 ஷில்லிங் வரி வாங்கினார்கள், 2021இல் அதை எடுத்துவிட்டு டேட்டா மீதே 12 சதவீதம் போட்டார்கள்.

காசு கொடுத்தாலும் நிச்சயம் கிடையாது என்பது இன்னொரு பக்கம். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கடலோரத்தில் நான்கு கடலடிக் கேபிள்கள் ஒரே சமயத்தில் பழுதாகி, மேற்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகளின் இணையம் படுத்தது. மே மாதம் கிழக்குப் பக்கத்துக் கேபிள்கள் இரண்டு அறுந்தன. லாகோஸிலிருந்தோ நைரோபியிலிருந்தோ ஒருவர் திடீரென்று பதில் சொல்லாமல் போனால் அக்கறையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஏழைகளுக்குச் சில தளங்களை மட்டுமாவது இலவசமா கொடுத்தா நல்லதுதானே?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஃபேஸ்புக் சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்பதைக் கொண்டுவந்தபோது, தளத்துக்குத் தளம் கட்டணத்தை மாற்றக்கூடாது என்று இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று தடுத்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவும் 2012 முதல் 2018 வரை 'விக்கிப்பீடியா ஜீரோ' என்று பல நாடுகளில் டேட்டாச் செலவில்லாமல் விக்கிப்பீடியா கொடுத்துப் பார்த்து, பிறகு தானே நிறுத்தியது.

இலவசமாகக் கிடைப்பது படிக்க உதவலாம், ஆனால் சேர்ந்து எழுத அது போதாது. ஒரு கட்டுரையில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றால் அதற்கு ஆதாரமாக நாலு செய்தித்தளத்தைத் திறந்து பார்க்க வேண்டுமே, அதற்கெல்லாம் டேட்டா போகும். அங்கோலாவில் அந்த இலவச வழியைப் பிடித்துக்கொண்டு சிலர் விக்கிப்பீடியாவுக்கான படங்களும் ஒளிக்கோப்புகளும் சேமிக்கப்படும் விக்கிமீடியா பொதுவகத்தில் சினிமாப் படங்களை ஒளித்து ஏற்றிப் பகிர்ந்தார்கள். திருட்டுப் படம் என்று திட்டினவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் தெரிந்தது, ஒரே ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தால் மக்கள் எல்லாத் தேவைக்கும் அந்தக் கதவையே இடிப்பார்கள் என்பதுதான்.

கூட்டு வேலைன்னா வாரம் ஒரு தடவை ஜூம்ல எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கறதுதானே?

பேசலாம், ஆனால் வேலையை அதன்மேல் கட்டாதீர்கள். ஒரு மணி நேர வீடியோ கூட்டம் தரத்தைப் பொறுத்து அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேல்கூட எடுக்கும். நாளுக்கு 1.5 ஜிபி பேக்கில் இருப்பவருக்கு அன்றைய கணக்கில் பாதிக்கு மேல்கூட அங்கேயே போய்விடும். பிறகு அவர் எதை வைத்துப் பக்கம் திறப்பார்?

தமிழிலேயே இதற்கு நல்ல முன்னோடி உண்டு. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. ஒருங்கிணைத்த கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில், தன்னார்வலர்கள் பல நாடுகளில். ஒருவர் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்ப, இன்னொருவர் மெய்ப்புப் பார்த்துத் திருப்பி அனுப்ப, அப்படித்தான் சங்க இலக்கியமும் திருக்குறளும் நமக்கு இணையத்தில் கிடைத்தன. போன் வயரைச் செருகி 'கீய்ங்' என்று சத்தம் வந்தபிறகு நெட் கிடைத்த காலம் அது. எல்லோரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால்தான் அது நடந்தது.

கூட்டமே இல்லாம முடிவு எப்படி எடுக்கறது? இழுத்துக்கிட்டே போகாதா?

இழுக்கும், கொஞ்சம். நான் ஒரு தடவை அவசரப்பட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆறு பேர் வீடியோவில் பேசி, அடிக்குறிப்புகளை எப்படி வைப்பது என்று புது விதி போட்டோம். வராத ஒன்பது பேருக்கு வாட்ஸப்பில் ஒரு வரி. அதைப் பார்க்காமலே இரண்டு பேர் பழைய முறையில் நாற்பது பக்கம் முடித்திருந்தார்கள். ஒருவர் அதைத் திருத்தி முடித்துவிட்டுக் குழுவைவிட்டு அமைதியாக விலகிப்போனார். இன்னும் அது எனக்கு உறுத்தல்தான்.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான். முடிவெடுக்க வேண்டியதை எழுத்தில் வைப்போம், ஏழு நாள் திறந்திருக்கும், அதற்குள் ஒரு ஞாயிறு கட்டாயம் வர வேண்டும். ஏழு நாளில் பதில் வராதவரை 'சம்மதம்' கணக்கில் சேர்ப்பதில்லை, அந்த விதியால் அவர் வேலை மாறுமென்றால் போன் போட்டுக் கேட்டுவிடுவோம். சாதாரண போன் அழைப்புக்கு டேட்டா தேவையில்லை என்பதைப் பலர் மறந்தேபோய்விட்டார்கள்.

எந்தக் கருவி நல்லது? கூகுள் டாக்ஸ் போதுமா?

எல்லோருக்கும் கணினியும் வைஃபையும் இருந்தால் போதும். பழைய போனில் பெரிய ஆவணத்தைத் திறந்தால் திணறும், நடுவில் லைன் போனால் எது சேமித்தது எது போச்சு என்று தெரியாது.

நான் பார்ப்பது, எழுத்தாகக் கொடுக்க முடிந்ததை எழுத்தாகக் கொடுக்கிறோமா என்றுதான். யூனிகோடில் (இணையத்தில் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில்) தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும் ('கோ' என்றால் இரண்டு குறி, 6 பைட்). அப்படியும் 2000 சொல் கட்டுரை 60 கேபி அளவில் முடிந்துவிடும். அதே கட்டுரையைப் போனில் போட்டோ எடுத்து அனுப்பினால் ஒரு படமே 3 எம்பி. அறிவிப்பைப் படமாகச் செய்து, பூ வைத்து, அதன்மேல் எழுத்துப் போட்டு அனுப்புகிற பழக்கத்தை விட்டாலே பாதிப் பேர் டேட்டா மிச்சம். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு, செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' (Git) என்ற கருவி இருக்கிறது, 2005இல் வந்தது, நெட் இல்லாமலே வேலை செய்து பிறகு ஒரே தடவையில் அனுப்பலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போனில் இருக்கிற குறிப்புச் செயலியில் எழுதி முடியுங்கள், அப்புறம் நெட் வரும்போது ஒட்டிச் சேமியுங்கள். தளத்தின் பெட்டிக்குள்ளேயே ஒரு மணி நேரம் எழுதி, சேமிக்கும்போது லைன் போய் அத்தனையும் காணாமல்போவது மாதிரி வயிற்றெரிச்சல் வேறில்லை.

போன் மட்டும் வச்சிருக்கிறவங்களுக்குச் சின்னச் சின்ன வேலையா கொடுத்துடலாமா?

'சின்ன' என்ற சொல்லில் எனக்குச் சம்மதமில்லை. விக்கிமூலத்தில் ஒரு பக்கத்தை முதலில் ஒருவர் திருத்தினால் அது மஞ்சள், வேறொருவர் ஒப்பிட்டுச் சரிபார்த்தால்தான் பச்சை. அந்த இரண்டாவது ஆள் எழுத்துக்கு எழுத்து பார்க்க வேண்டும். அதைப் போனில் செய்ய முடியும், ஆனால் அது லேசான வேலை இல்லை. வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள், பொறுப்பை வெட்டாதீர்கள்.

அந்த இடத்தில் இருப்பவரால் மட்டுமே செய்ய முடிகிற வேலையும் உண்டு. நைரோபியில் கிபெரா என்று மிகப் பெரிய குடிசைப்பகுதி. 2009 வரை வரைபடத்தில் அது வெற்றிடம்தான். அந்தப் பகுதி இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு தெருத்தெருவாக நடந்து, தண்ணீர்க் குழாய், மருந்துக்கடை, கழிப்பறை எல்லாவற்றையும் யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்தார்கள். லண்டனில் வேகமான நெட்டோடு உட்கார்ந்திருப்பவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கூரையை வரையலாம், அந்தக் கூரைக்குக் கீழே பள்ளிக்கூடமா தேவாலயமா என்று எப்படிச் சொல்வார்? வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு, பேனாவால் குறித்து, அந்தத் தாளைப் படமெடுத்து ஏற்றும் முறையும் இருக்கிறது. களத்தில் போனே தேவையில்லை.

பயிலரங்குல 20 பேர், ஒரே வைஃபை. ஆறு பேருக்கு மேல விக்கியில கணக்கே தொடங்க விடல. ஏன்?

ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஒரு நாளைக்கு ஆறு கணக்குதான் தொடங்கலாம் என்பது விக்கித் தளங்களில் உள்ள வரம்பு, விஷமிகளைத் தடுக்க வைத்தது. இரண்டு வழி உண்டு. முந்தின நாளே அவரவர் வீட்டிலிருந்து கணக்கு தொடங்கி வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் நிகழ்ச்சி நாளையும் ஐபி முகவரியையும் சொல்லி முன்கூட்டியே தளர்வு கேளுங்கள். அன்று காலையில் போய்க் கேட்டால் நடக்காது.

நான் ஒரு தப்பும் பண்ணல, ஆனா ஐபி தடைன்னு வருது. என்னைச் சந்தேகப்படறாங்களா?

உங்களை இல்லை. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே 430 கோடி அளவு. இணையத்தில் முதலில் நுழைந்த நாடுகள் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன, பின்னால் வந்த நாடுகளுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சியது. அதனால் நம்முடைய மொபைல் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல ஆயிரம் பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. அதில் ஒருவன் குறும்பு செய்து தடை வாங்கினால் எல்லோருக்கும் கதவு சாத்தப்படும். ஆப்பிரிக்க விக்கிப்பீடியர்கள் இதைப் பற்றி வெளிப்படையாகவே முறையிட்டிருக்கிறார்கள், பயிலரங்கு நடத்தி அன்றே பாதிப் பேரை இழந்தவர்கள் அவர்கள்.

கணக்கு இருந்தால் 'ஐபி தடை விலக்கு' கேட்கலாம், கிடைக்கும். ஆனால் புதிதாக வந்த ஒருவர், அதுவும் ஆங்கிலத்தில் வரும் அந்த அறிவிப்பைப் பார்த்து, பயந்துபோய்த் தளத்தை மூடிவிடுகிறார். அதனால் அந்த அறிவிப்பு எப்படி இருக்கும் என்று முதல் நாளே காட்டி, வந்தால் எனக்கு ஒரு வரி போடுங்கள் என்று சொல்லி வைக்கிறேன்.

நெட்டே இல்லாத ஊரை எப்படிச் சேர்க்கறது? அது முடியாத காரியம்தானே?

முடிந்திருக்கிறது, அதுவும் நம் பக்கத்திலேயே. புதுச்சேரி வட்டாரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர் கிராமம். அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் வரும் அலை உயர முன்கணிப்பை வில்லியனூர் மையத்தில் இறக்கி, தமிழில் மாற்றி, கிராமத்துக்கு அனுப்ப, அங்கே ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். ஒரு இணைப்பு, ஒரு குழாய் ஸ்பீக்கர், ஊருக்கே சேதி. கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் 2003இல் மோட்டார் சைக்கிளில் வைஃபை பெட்டியைக் கட்டிப் பள்ளி பள்ளியாக ஓட்டினார்கள், வண்டி கடந்துபோகும்போது மின்னஞ்சல் ஏறி இறங்கும்.

இன்றைக்குச் செய்ய எளிதானது கிவிக்ஸ் என்ற செயலி. விக்கிப்பீடியாவை முழுதாக ஒரு கோப்பாக இறக்கி நெட் இல்லாமல் படிக்கலாம். படங்களோடு ஆங்கிலம் 100 ஜிபி அளவுக்கு வரும், தமிழ் அதைவிட மிகச் சிறியது, மெமரி கார்டில் அடங்கும். ஆனால் அது படிக்க மட்டும். அந்த ஊர்ப் பிள்ளைகள் அதில் தங்கள் ஊரைப் பற்றித் தப்பாக ஒரு வரி கண்டுபிடித்தால், அது திரும்பி வர ஒரு வழி வையுங்கள். ஜவ்வாது மலையில் ஒரு பள்ளியில் நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டை விட்டுவந்தோம். மாதம் ஒரு தடவை யாராவது போய் அதை வாங்கி வந்து ஏற்றுகிறோம்.

அரசாங்கமே நெட்டை நிறுத்திட்டா என்ன பண்றது?

காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5 அன்று எல்லாத் தொடர்பும் நின்றது. மொபைலில் 2ஜி வந்தது 2020 ஜனவரியில், 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். ஊரடங்கில் நாடே ஆன்லைன் வகுப்பில் இருந்தபோது அங்கே பிள்ளைகள் 2ஜியில் பாடம் கேட்டார்கள். வங்கதேசத்தில் 2024 ஜூலையில் நாடு முழுக்க நின்றது, மொபைல் இணையம் வரப் பத்து நாள் ஆனது.

முதலில் அங்கே மாட்டிக்கொண்டவர்களுடைய பாதுகாப்பு, வேலை அப்புறம். வெளியே இருக்கும் நாம் செய்யக்கூடியது, அவர்களுடைய கெடு எல்லாவற்றையும் சொல்லாமலே தள்ளிவைப்பது, அவர்கள் பொறுப்பிலிருந்த வேலையை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்காமல் வைத்திருப்பது. திரும்பி வருகிறவர் தன் இடம் பறிபோயிருப்பதைப் பார்க்கக்கூடாது.

டேட்டாவுக்குப் பணம் கொடுத்தா தன்னார்வம் கெட்டுப்போகாதா?

பயிலரங்குக்கு வருகிறவருக்குப் பஸ் டிக்கெட்டும் சாப்பாடும் கொடுக்கிறோமே, அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை. 2018இல் 'வேங்கைத் திட்டம்' வந்தபோது இந்திய மொழி விக்கிப்பீடியர்களுக்கு மடிக்கணினியும் இணையச் செலவும் கொடுத்தார்கள், தமிழில் அந்தச் சமயம் கட்டுரைகள் மளமளவென்று வந்தன. கேட்டு வாங்க வைக்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். கஷ்டப்படுகிறவர் கடைசிவரை கேட்கவே மாட்டார். எல்லோருக்கும் பொதுவாக ரீசார்ஜ் போடுங்கள், வேண்டாம் என்கிறவர் விட்டுக்கொடுக்கட்டும்.

அவங்க மாசம் 20 பக்கம், நான் 300 பக்கம். ரெண்டு பேருக்கும் ஒரே மதிப்பா? வேகமா செய்யறவங்களைக் கட்டிப் போடறீங்களே?

இது நியாயமான வருத்தம், கேட்டவர் உண்மையிலேயே ராப்பகலாக உழைக்கிறவர். உங்கள் 300 பக்கத்தை யாரும் குறைத்துப் பேசவில்லை, வேகத்தைக் குறைக்கவும் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கையை வைத்தே யார் நிர்வாகி, யார் பேச்சு எடுபடும், யார் பெயர் முதலில் வரும் என்று முடிவு செய்தால், அங்கே நாம் அளப்பது பாதி உழைப்பை, பாதி நெட்டை. முன்பு சொன்ன ஆசிரியை ஒரு பக்கம் ஏற்ற மடுவம்வரை ஏறி இறங்குகிறார், அது எந்தப் பட்டியலிலும் வராது.

அதனால் எங்கள் குழுவில் மாதப் பட்டியலை நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு பொறுப்பாளர், அதில் ஒருவராவது போனில் மட்டும் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும். நூல் முடிந்தது என்று சொல்ல இருவர் ஒப்புதலும் தேவை. வேகமானவர் அடுத்த நூலுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம், பழையது காத்திருக்கும். இப்படி மாற்றியதில் நூல்கள் முன்பைவிட இரண்டு மூன்று வாரம் தள்ளித்தான் முடிகின்றன. கேள்வி கேட்டவர் இப்போது அந்த ஆசிரியையோடு சேர்ந்து ஒரு நூலுக்குப் பொறுப்பாளர். ஆசிரியை ஏற்றும் நேரம் மாலை நாலரை என்று தெரிந்து, நாலு மணிக்குள் படங்களைச் சிறிதாக்கி அனுப்பி வைத்துவிடுகிறார்.